துடைப்பதற்கு அனுப்பிய சட்டை

ஜூன் 9

அக்காவுக்கு,

பார்சல் வந்தது. உள்ளே கடிதம் ஏதாவது இருக்கும் என்று ஒவ்வொரு சட்டையாக உதறிப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. ஆறு வாரமாக நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனாலும் பன்னிரண்டு டீ-ஷர்ட் அனுப்பியிருக்கிறாய். சமாதானம் என்று எடுத்துக்கொள்கிறேன். வேறு அர்த்தம் இருந்தால் எழுது. போன் மட்டும் வேண்டாம். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். கடிதத்தில் ஒருத்தர் முடித்த பிறகுதான் இன்னொருத்தர் ஆரம்பிக்க முடியும். அன்றைக்கு நீ சொன்னதில் ஒரே ஒரு வாக்கியம்தான் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

சட்டை கச்சிதமாக இருக்கிறது. என் அளவுக்குச் சட்டை கிடைப்பது குதிரைக்கொம்பு என்று உனக்குத் தெரியும். இத்தனை வயதில் இன்னும் சின்னப் பிள்ளைகள் பகுதியில்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் நெஞ்சு முழுக்க இவ்வளவு பெரிய துப்பாக்கியை நான் எதிர்பார்க்கவில்லை. வேலைக்குப் போட்டுக்கொண்டு போனேன்.

பஸ்ஸில் என் பக்கத்து இடம் கடைசி நிறுத்தம்வரை காலியாகவே வந்தது. நின்றிருந்தவர்கள் நின்றபடியே வந்தார்கள். மருந்துக்கடையில் எப்போதும் எனக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், கடைக்காரர் கண்ணுக்கு நான் தெரியவே மாட்டேன். அன்றைக்கு என்னைப் போல் இரண்டு மடங்கு இருந்த ஒருவர் நகர்ந்து நின்று, "நீங்க முதல்ல வாங்கிக்கங்க" என்றார். ஒரு குழந்தை என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கியது. கையிலிருந்த பிஸ்கட் கீழே விழுந்துவிட்டது. நானும் பதிலுக்குக் கையைத் தூக்கினேன். குழந்தை சிரித்தது. அம்மாக்காரி சிரிக்கவில்லை, தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மற்றபடி வேலை எப்போதும் போல. லிஃப்ட் நின்றால்தான் ஜனங்களுக்கு லிஃப்ட் மெக்கானிக் என்று ஒருவன் இருப்பது நினைவுக்கு வருகிறது. வீட்டில், அவள் போய் மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் ஆள் அனுப்பி பீரோவையும் எடுத்துக்கொண்டாள். அவளுடையதுதான், நியாயம்தான். கண்ணாடி அந்த பீரோவில்தான் இருந்தது. அதனால் சட்டை எனக்கு எப்படி இருக்கிறது என்று ஊரார் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

சுண்டு


ஜூன் 15

சுண்டு,

அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லி உனக்கு யார் சொன்னது? துடைப்பதற்கு அனுப்பினேன். கயிற்றுக் கிரீஸைத் துடைக்கப் பழந்துணி கிடைக்கவில்லை, கம்பெனியில் கொடுக்கும் துணி ஒரு சொட்டுக்கூட உறிஞ்சுவதில்லை என்று போன வருஷம் முழுக்கப் புலம்பினாயே, அதற்காக அனுப்பினேன். அத்தனையும் ரிஜெக்ட் ஆன சரக்கு. உள்ளே கடிதம் வைக்காதது என் தப்பு. உன் மேல் கோபம் இருந்தது, வைக்கவில்லை. அதற்காக, வந்ததையெல்லாம் தலையில் மாட்டிக்கொள்வதா?

எங்கள் யூனிட்டில் பிரிண்ட் அடிக்கிற யாரும் அடித்ததைப் போட்டுக்கொள்வதில்லை. இருபது பேரில் ஒருத்தர்கூட இல்லை. பாம்பு, மண்டை ஓடு, துப்பாக்கி, ரோஜா, எது வந்தாலும் எனக்கு அது மை தள்ளுகிற ஸ்கிரீன்தான். துப்பாக்கி என்றால் கறுப்பு ஒரு தள்ளு, சாம்பல் ஒரு தள்ளு, முடிந்தது. ரோஜாவுக்கு ஐந்து கலர், உயிர் போகும். அதனால் துப்பாக்கி ஆர்டர் வந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். இதை எவன் மாட்டிக்கொண்டு எந்தத் தெருவில் நடப்பான், எதிரில் வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று பதினாறு வருஷத்தில் ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது நீ போட்டிருக்கிறாய் என்றதும் யோசிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். குழந்தை கையைத் தூக்கிய இடத்தில் சிரித்தார். அப்புறம், "இவன் ஒரு நாள் வாங்கிக் கட்டிக்கப் போறான், வேற அனுப்பி வை" என்றார். வெறும் நீலத்தில் ஆறு சட்டை தனியாக அனுப்புகிறேன். எதுவும் அச்சடிக்காதது. துப்பாக்கிச் சட்டைகளைக் கிழித்துத் துணியாக்கிவிடு. இன்றைக்கே செய்.

நான் அன்றைக்குச் சொன்ன வாக்கியம் எனக்கும் நினைவிருக்கிறது. என் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்று நீ அதற்கு முன்னால் சொன்னதும் நினைவிருக்கிறது. நீ சொன்ன மாதிரி அதை அப்புறம் பேசலாம்.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? கேட்டால் பொய்தான் சொல்வாய். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

அக்கா


ஜூன் 22

அக்காவுக்கு,

நீலச் சட்டைகள் வந்தன. நன்றி. மடித்து வைத்திருக்கிறேன். துப்பாக்கியைக் கிழிக்கிற உத்தேசம் இல்லை.

காரணம் கேட்பாய். எழுதுகிறேன். நாற்பத்திரண்டு வயதில் முதல் முறையாக ஊர் எனக்கு வழி விடுகிறது. வங்கி வாசலில் நிற்கிற காவலாளிக்குத் தோளில் நிஜத் துப்பாக்கி இருக்கிறது, அவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னிடம் இருப்பது நீ இரண்டு தள்ளில் அடித்த மை. என்னைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அந்தக் காவலாளியும் பார்த்தார். "உள்ள போறப்ப இதை மறைச்சுக்கங்க சார்" என்று ஒரு பழைய செய்தித்தாளைக் கொடுத்தார். நெஞ்சில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் இருந்தவர் அதில் விளையாட்டுப் பக்கத்தைப் படித்துக்கொண்டே வந்தார்.

ஒரு விஷயம்தான் புரியவில்லை. பயப்படுகிறவர்கள் தள்ளிப் போக வேண்டும். சிலர் கிட்டே வருகிறார்கள். முடிவெட்டுகிறவர் வழக்கமாக என்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டார். இந்தத் தடவை போர்த்துகிற துணியைக் கட்டும்போது சட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் அரை மணி நேரம் தன் தங்கை குடும்பக் கதையைச் சொன்னார். எழுந்து கிளம்பினால், "இருங்க, தலைக்கு எண்ணெய் வெச்சுப் பிடிச்சு விடறேன்" என்கிறார். ஒரு குடியிருப்பில் ஐந்தாம் மாடி அம்மா, லிஃப்டில் என்னோடு ஏறியவர், தன் மாடி வந்த பிறகும் இறங்காமல் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டாச்சா தம்பி? வீட்டுல யார் யார் இருக்காங்க?" என்று கேட்டார். லிஃப்ட் கதவை அப்படிப் பிடிக்கக் கூடாதும்மா, சென்சார் கெட்டுவிடும் என்று சொல்லி அனுப்பினேன்.

இன்னொரு ஆள்தான் எனக்கு எரிச்சலைக் கிளப்பினார். பன்னிரண்டு மாடிக் கட்டிடம் ஒன்று. லிஃப்ட் மெஷின் அறை மொட்டை மாடியில் இருக்கும், அந்தச் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். எந்தக் கட்டிடத்திலும் கேட்டதும் கொடுத்துவிடுவார்கள், முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள். இவர் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் வரேன்" என்றார். எனக்கு வழி தெரியும் என்றேன். "எனக்கும் தெரியும், வாங்க" என்றார். முழங்கால் சரியில்லாத மனிதர், கடைசிப் படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். மேலே ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, கைப்பிடிச் சுவருக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அங்கே பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஆனால் மனிதர் நகர்கிற வழியாக இல்லை. இரண்டு மணி நேரம், அக்கா. மகள் கணக்கில் எத்தனை மார்க், முழங்காலுக்கு எந்த டாக்டர் என்ன சொன்னார், எல்லாம் கேட்டேன். மெஷின் அறையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். "இத்தனை கயிறு எதுக்கு? ஒண்ணு தாங்காதா?" என்றார். ஒண்ணே தாங்கும், இருந்தாலும் அஞ்சு போடுவாங்க என்றேன். "அப்படித்தான் போடணும்" என்று ஏதோ தான்தான் லிஃப்டைக் கண்டுபிடித்தது போலத் தலையாட்டினார்.

என்னைத் திருடன் என்று நினைத்தாரா? அந்த மாடியில் திருட என்ன இருக்கிறது, தண்ணீர்த் தொட்டியையா தூக்கிக்கொண்டு போவேன்?

சாப்பிடுகிறேன்.

சுண்டு


ஜூன் 28

சுண்டு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மாமாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன். அந்தச் சட்டைகள் ஏன் ரிஜெக்ட் ஆயின என்று நான் எழுதவில்லை, நீயும் கேட்கவில்லை. என் கைத் தப்பு அது. நாங்கள் தைத்த சட்டை மேல் அடிப்பதில்லை, முன்பக்கத் துண்டை மேசையில் விரித்து அடித்த பிறகுதான் தைக்கப் போகும். விரிக்கும்போது கழுத்து வளைவு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். இடுப்பில் செருகின மாதிரி துப்பாக்கியின் வாய் கீழே பார்த்து வர வேண்டும், டிசைன் அதுதான். அன்றைக்குச் சாப்பாட்டு மணிக்குப் பிறகு நான் விரித்த துண்டு எல்லாவற்றிலும் கழுத்து வளைவு என் வயிற்றுப் பக்கம் இருந்திருக்கிறது. பதினாறு வருஷத்தில் புதிதாகச் சேர்ந்தபோதுகூட நான் அப்படிச் செய்ததில்லை. அன்றைக்குச் சாப்பாட்டு மணியில்தான் உன்னோடு போனில் கத்தினேன்.

தைத்து முடிந்த பிறகுதான் தெரிந்தது. செக்கிங் பெண் ஒன்றைத் தன் மேல் வைத்துப் பார்த்து அப்படியே கீழே போட்டுவிட்டாள். ஆர்டர் கொடுத்தவர்களின் ஆள் வந்தார். "இது என்னம்மா, போட்டிருக்கிறவன் தன்னோட தாடையிலேயே வெச்சுக்கிட்ட மாதிரி இருக்கு. ஒரு பீஸ்கூட வெளிய போகக் கூடாது" என்றார். எல்லாவற்றையும் வெட்டித் துணியாக்கச் சொன்னார்கள். பன்னிரண்டை மட்டும் உனக்கென்று எடுத்து வைத்தேன். புதுத் துணியில் கத்தரி வைக்க மனசு வரவில்லை, நீ வெட்டிக்கொள்வாய் என்று அப்படியே கட்டி அனுப்பிவிட்டேன்.

நீ குனிந்து பார்த்தால் அது நேராகத்தான் தெரியும். பீரோக் கண்ணாடியும் போய்விட்டது. எதிரில் நிற்கிறவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார். பஸ்ஸில் தள்ளி நின்றவர்களை விடு. முடிவெட்டுகிறவர், லிஃப்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா, அந்த வாட்ச்மேன், இவர்கள் யாரும் உன்னைப் பார்த்துப் பயப்படவில்லை. உனக்காகப் பயந்திருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"உன்கூட செவுருதான் குடித்தனம் பண்ணும்." நான் சொன்ன வாக்கியம் இதுதானே? பொண்டாட்டி போய் இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை என்பதை யோசிக்காமல், வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்னது தப்பு. எழுதிவிட்டேன், போதுமா? எனக்கு இது எழுத எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

சட்டையைத் தூக்கிப் போடு. அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் எழுது. நீ எப்படி இருக்கிறாய்? "நல்லா இருக்கேன்" என்று ஒரு வரியில் முடித்தால் அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

அக்கா


ஜூலை 5

அக்காவுக்கு,

நேராகக் கேட்டதால் நேராக எழுதுகிறேன். பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை படி.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்கு ஏழெட்டு லிஃப்டில் ஏறி இறங்குகிறேன். பாதி லிஃப்டில் மூன்று பக்கமும் கண்ணாடி. வீட்டு பீரோவை நம்பியா நான் இருக்கிறேன்? முதல் நாள் காலை முதல் கட்டிடத்திலேயே பார்த்துவிட்டேன், வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று. நீ கோபத்தில் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து அனுப்பினாயோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம், நீ திட்டுவதாக இருந்தால் வாயால்தான் திட்டுவாய், தபால் செலவு செய்ய மாட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

தெரிந்துதான் போட்டேன். ஏன் என்றால் எனக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. வீம்பு கொஞ்சம் இருந்தது. யாராவது என்னவென்று கேட்டால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. மூன்று மாதமாக என்னிடம் எல்லாரும் கேட்டது லிஃப்ட் எப்போது சரியாகும் என்பது ஒன்றைத்தான். கேட்டவர்களையெல்லாம் உன்னிடம் கிண்டல் செய்து எழுதினேன், அதுவும் வீம்புதான்.

அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தைப் பற்றி எழுதினேன் அல்லவா? அன்றைக்கு அங்கிருந்து புகார் எதுவும் வரவில்லை, அக்கா. லிஃப்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் என்னை அங்கே அனுப்பவில்லை. நான் கருவிப் பையைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. வாட்ச்மேன் சட்டையைப் பார்த்தார், வெறும் கையைப் பார்த்தார், "நானும் வரேன்" என்றார். மேலே போன பிறகு அவர் ஒரு தடவைகூட என்னிடம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. மகளின் கணக்கு மார்க்கைச் சொல்லிக்கொண்டே இருந்தார். இறங்கும்போது அவர் முழங்கால் மடங்கவில்லை, நான்தான் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. அந்தக் கிழவரை அங்கே விட்டுவிட்டு நான் வேறு என்ன செய்ய முடியும்? கீழே வந்ததும் என் பேர், கம்பெனி எல்லாம் அவருடைய நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் எங்கள் அலுவலகத்துக்கு அந்தக் கட்டிடத்திலிருந்து புகார் வருகிறது. லிஃப்டில் ஏதோ சத்தம், அன்றைக்கு வந்த அதே மெக்கானிக்கை அனுப்புங்கள் என்று. போகிறேன். ஒரு சத்தமும் இருக்காது. "இப்பத்தான் கேட்டுச்சு, உங்களைப் பார்த்ததும் நின்னுடுச்சு" என்பார். மேசைக்குப் பின்னால் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பார். "பழுது எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். எங்கள் சூப்பர்வைசர் அந்த லிஃப்டையே மாற்றிவிடலாமா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்.

இப்போது அந்த எண்ணம் இல்லை. உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதவில்லை, இருந்தால் இருக்கிறது என்று எழுதியிருப்பேன். இரண்டு செவ்வாய்க்கு முன்னால் வாட்ச்மேன், "மாத்துச் சட்டை இருந்தா போட்டுக்கிட்டு, இதை என்கிட்ட குடுத்துடுங்க" என்றார். பையில் உன் நீலம் ஒன்று இருந்தது. மாற்றிக்கொண்டு கொடுத்துவிட்டேன். அதை நாலாக மடித்து வைத்து வாசல் மேசையைத் துடைக்கிறார். மற்றதை வெட்டி நான் கிரீஸ் துடைக்கிறேன். நீ சொன்னது சரிதான், நன்றாக உறிஞ்சுகிறது.

போதுமா என்று கேட்டாயே, போதும். நானும் மூக்கு என்று சொல்லியிருக்க வேண்டாம்.

சுண்டு


ஜூலை 10

சுண்டு,

நேற்று மத்தியானம் உனக்குப் போன் அடித்தது நான்தான். யூனிட் போனிலிருந்து அடித்தேன், அதனால் உனக்கு நம்பர் தெரிந்திருக்காது. ஏழு தடவை மணி அடித்தது. ஏழும் எப்படிப் போயிற்று என்று என்னைக் கேட்காதே. நீ எடுத்து, "யாருங்க, எந்தக் கட்டிடம்?" என்றாய். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன். போன் வேண்டாம் என்ற பேச்சை மீறியது நான், ஒப்புக்கொள்கிறேன்.

லீவு சொல்லிவிட்டேன். மாமாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கெட் எடுத்தது அவர்தான். திங்கட்கிழமை வருகிறேன், ஸ்டேஷனுக்கு வா. பத்து நாள் இருப்பேன். பீரோவும் போன வீட்டில் எதிரொலிக்கிறதா என்று நானே வந்து கத்திப் பார்க்கிறேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. என்னை அந்தக் கட்டிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போ, அந்த வாட்ச்மேனைப் பார்க்க வேண்டும். அவருக்கு ரோஜாப்பூ போட்டதில் நல்ல துணியாக நாலு எடுத்து வைத்திருக்கிறேன். மேலே போக வேண்டாம். கீழேயே உட்கார்ந்து பேசிவிட்டு வந்துவிடலாம்.

அக்கா